வலது கால் மரியாதை

சாந்தாமணி இடது காலை மடக்கியபோது என் இடது முழங்காலுக்குள் யாரோ கடப்பாரையை விட்டு நெம்பினார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைத்திரையில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தேன்.

"இன்னும்" என்றேன்.

"இதுக்கு மேலயுங்களா?"

"ஏன், கால் தேஞ்சு போயிருமா? மடக்கும்மா. ஆபரேஷன் பண்ணது அலமாரியில வெச்சுப் பாக்கறதுக்கா?"

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் பாதி ஆயுளை ஓவர்லாக் மிஷின் முன்னால் கழித்தவர். அந்தப் பார்வைக்கே துணி கிழியும். பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலைப் பின்னால் இழுத்தார். கால் முழுசாக மடங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சுவரில் இருந்த திரையில் எட்டு என்று விழுந்தது. பத்துக்கு எட்டு, வலியில்.

என் தொடையில் ஒரு பட்டை, அவர் தொடையில் ஒரு பட்டை. அவர் நரம்பில் ஓடுவது என் நரம்பிலும் ஓடும். இந்தப் பட்டை எங்கள் கொங்கு நாட்டு நோயாளிகளால்தான் தேவைப்பட்டது என்று நான் சத்தியம் செய்வேன். "வலிக்குதா?" என்று கேட்டால், காலையே கழற்றி எடுத்திருந்தாலும், "பரவாயில்லீங்க டாக்டர், உங்க புண்ணியத்துல நல்லாருக்குதுங்க" என்பார்கள். டாக்டரின் மனசு நோகக் கூடாது. இந்த மரியாதையை வைத்துக்கொண்டு எந்த ஆராய்ச்சியும் செய்ய முடியாது. அதனால் பட்டை வந்தது. வெறும் இயந்திரத்துக்கு வலி பிடிபடவில்லை, மனித நரம்புதான் வேண்டியிருந்தது. யாருடைய நரம்பு என்ற கேள்வி வந்தபோது நோயாளிகள் சங்கம் போராடி ஒரு விதியை வாங்கியது: அறுத்தவரே அனுபவிக்கட்டும். நியாயமான விதிதான், கட்டிக்கொள்கிறவன் நானாக இல்லாதவரை.

எங்கள் ஆராய்ச்சியில் ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு முழங்கால் மூட்டும் மாற்றப்படும். ஒரு கால் எனக்கு, ஒரு கால் டாக்டர் சுகிர்தாவுக்கு. எலும்பைச் சீவுவதும் செயற்கை மூட்டைப் பொருத்துவதும் இயந்திரக் கைகள். உள்ளே நுழைகிற வழி மட்டும் எங்களுடையது. இதைச் சாந்தாமணிக்கு நான்தான் முதலில் விளக்கினேன்.

"தொடைத் தசையோட நாரை அறுத்துத் திறக்கறது என் வழி. பழசு. உள்ள எல்லாம் தெளிவாத் தெரியும். தசையை அறுக்காம ஓரமாத் தூக்கிட்டு அடியில நுழையறது சுகிர்தா வழி. புதுசு. ஆனா எடம் நெருக்கடி."

"பனியனைக் கத்தரிச்சுக் கழட்டறது உங்குளுது, தூக்கிக் கழட்டறது அந்தம்மாளுது. அப்படித்தானுங்களா?"

"அப்படித்தான்."

"அப்பறம் எதுக்குங்க கத்தரிக்கறீங்க?" என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் வெள்ளிக்கிழமை கமிட்டியும் கேட்கப்போகிறது. எந்த வழி ஜெயிக்கிறதோ அது மட்டும் மாநிலத்தின் எல்லா அரசு மருத்துவமனைகளின் இயந்திரக் கைகளிலும் ஏற்றப்படும். இன்னொன்று அழிக்கப்படும். கமிட்டி பார்ப்பது வலி எண்ணை மட்டும்தான், அது ஏற்கெனவே பேசிவிட்டது. என் கால்களில் ஏழு, எட்டு. சுகிர்தாவின் கால்களில் இரண்டு, மூன்று. நான் முப்பது வருடமாக மூட்டுக்குள் கையை விட்டவன். தசையை அறுப்பதற்கும் தூக்குவதற்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் இருக்கவே முடியாது என்று என் உள்மனசு சொன்னது. ஆனால் உள்மனசுக்குக் கமிட்டியில் இடம் இல்லை.

சாந்தாமணி மேஜையிலிருந்து இறங்கினார். இடது கால் நன்றாக ஊன்றியது. வலது காலை விறகுக் கட்டை மாதிரி வீசி வைத்தார்.

"அந்தக் காலுக்கு என்ன?" என்றேன்.

"அது சுகிர்தாம்மா காலுங்க. தங்கமாட்டம் இருக்குதுங்க. வலியே இல்லீங்க. உங்க காலுதான் உசுரை வாங்குது."

"மிஷினுக்கு எப்பப் போகணும்?"

"ஒண்ணாந்தேதிங்க. அதுக்கு மேல எடம் வெக்க முடியாதுன்னு சூப்பர்வைசர் கண்டிசனாச் சொல்லிட்டாரு."

ஓவர்லாக் மிஷினின் பெடல் வலது காலுக்கு. முட்டி மடங்காவிட்டால் மிஷின் மேஜைக்குள் காலையே நுழைக்க முடியாது. அடுத்தவர் காலை நான் தொடக் கூடாது, பார்க்கவும் கூடாது என்பது ஆராய்ச்சி விதி. ஆனாலும் அந்தக் கட்டைக் கால் என் மனசை விட்டுப் போகவில்லை. அடுத்த அறையில் அவருடைய வலது காலுக்கு நேரம் ஆனபோது, கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

சுகிர்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள், கைராசிக்காரி. வார்டில் இவள் நுழைந்தால் நோயாளிகள் எழுந்து உட்கார்வார்கள், நான் நுழைந்தால் தூங்குவது மாதிரி நடிப்பார்கள். சாந்தாமணி வலது காலைக் கொஞ்சம் மடக்கினார். மடக்கும்போது அவர் காலைப் பார்க்கவில்லை, சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தார். சுகிர்தாவின் புருவம் லேசாகச் சுருங்கியது. கால் உடனே நீண்டுவிட்டது.

"போதுங்களா கண்ணு?"

"போதும்க்கா. இன்னைக்கு இது போதும். மெதுவா வரட்டும்."

திரையில் இரண்டு. கால் மடங்கியது செங்கோணத்தில் பாதிகூட இல்லை.

நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

"சார், நீங்க வரக் கூடாது" என்று சுகிர்தா எழுந்தாள்.

"பட்டையைக் கழட்டு."

"எதுக்கு? வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியலையா? பொறாமையா சார்?"

"ஆமா, பொறாமைதான். கழட்டு."

என் குரலில் என்ன இருந்ததோ, கழற்றிக் கொடுத்தாள். என் வலது தொடையில் கட்டிக்கொண்டேன்.

"மடக்கும்மா."

"இது அந்தம்மா காலுங்க."

"இப்ப என் காலு. மடக்கு. இத்தனை நாளா கட்டில்ல படுத்துச் சொகமாத் தின்னது போதும்."

கோபம் வந்துவிட்டது அவருக்கு. வெடுக்கென்று இழுத்தார். பாதி தூரத்தில் கால் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கு உள்ளே இடி விழுந்தது. இடது காலில் நான் தினமும் வாங்குகிற வலி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வழி விடும். இதில் வழியே இல்லை, சுவர்தான் இருந்தது. அவர் இன்னும் இழுத்தார், ஒரு நூல் அளவுகூட மடங்கவில்லை. திரையில் ஒன்பது விழுந்ததைச் சுகிர்தா பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"உள்ள தழும்பு ஒட்டிக்கிச்சு" என்றேன். "வலியோட மடக்கியிருந்தா ஒட்டியிருக்காது. யாரும் மடக்கலை."

"எனக்கு வலியே தெரியலையே சார். ரெண்டுதான் காட்டுச்சு."

"மடக்காத காலு எப்படி வலிக்கும்?"

அவள் சாந்தாமணியிடம் திரும்பினாள். "அக்கா, முடிஞ்ச வரைக்கும் மடக்கறேன்னுதானே தினமும் சொன்னீங்க?"

சாந்தாமணி சேலை முந்தானையைத் திருகினார். "உன்ற மொகத்தப் பாத்துக்கிட்டு எப்படி கண்ணு மடக்கறது? எனக்கு வலிச்சா உனக்கும் வலிக்குதல்ல. புருவம் சுருங்குது. வயித்துப் புள்ளைக்காரியாட்டம் பல்லைக் கடிக்கறே. பாக்கச் சகிக்கல சாமி. வலியெடுக்கறதுக்கு முன்னாலயே நிறுத்திப் போட்டேன்."

"அப்ப என் காலை மட்டும் ஏன் அந்த மடக்கு மடக்கினே?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவர் முந்தானையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்திருப்பார்.

"உங்குளுக்குக் கொஞ்சம் வலிச்சாத் தேவலைன்னு இருந்துச்சுங்க" என்றார்.

அவமானமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. சுகிர்தாவுக்கு இரண்டும் வரவில்லை, அவள் மற்ற நோயாளிகளின் பதிவுகளைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தாள். எல்லாம் ஒரே கதை. அவள் கால்கள் வலிக்கவில்லை, மடங்கவும் இல்லை. என் கால்கள் உயிர் போகிற மாதிரி வலித்தன, நன்றாக மடங்கின. மற்றவர்களுக்கு இன்னும் பயிற்சியிலேயே சரிசெய்கிற அளவுக்குத்தான் இருந்தது. சாந்தாமணியின் கால்தான் எல்லை தாண்டிப் போய்விட்டது. ஏனென்றால் அவருக்குத்தான் சுகிர்தா மேல் பாசம் அதிகம்.

"ரெண்டு வழியை நாம ஒப்பிடவே இல்லை சார்" என்றாள் சுகிர்தா. "உங்க மூஞ்சியையும் என் மூஞ்சியையும்தான் ஒப்பிட்டிருக்கோம்."

அந்த நிமிடத்தில் வெள்ளிக்கிழமை வெற்றி என் பையில் விழுந்துவிட்டது. சாந்தாமணியின் வலது காலைக் கமிட்டி முன்னால் ஒரு தடவை மடக்கிக் காட்டினால் போதும், புது வழி செத்தது. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதுவும் பொய். என் வழி உசத்தி என்று இதில் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. என் வாய் மோசம் என்பதுதான் நிரூபணமாகியிருக்கிறது. அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, என் மனைவியைக் கேட்டாலே போதும்.

கமிட்டி இருக்கட்டும், கால் அவசரம். மயக்கம் கொடுத்து, ஒட்டிக்கொண்ட தழும்பு பிரிகிற வரை காலைக் கையால் அழுத்தி மடக்க வேண்டும். அதைச் சில வாரங்களுக்குள்தான் செய்ய முடியும். சாந்தாமணிக்கு அந்தக் கெடு முடிகிற சமயம். இன்னும் தள்ளிப்போட்டால் தழும்பு எலும்பைவிடக் கெட்டியாகிவிடும். அப்போது அழுத்தினால் தழும்பு பிரியாது, எலும்பு முறியும்.

நாளைக்கே செய்யலாம் என்று சொல்லிச் சம்மதம் கேட்டோம். சாந்தாமணி மறுத்துவிட்டார்.

"முடியாதுங்க."

"எதுக்குப் பயம்? ஊசி போட்டா ஒண்ணும் தெரியாது."

"பயமெல்லாம் இல்லீங்க. இந்தக் காலை ரெண்டாவது தடவை ஆபரேஷன் ரூமுக்குள்ள கொண்டு போனாங்கன்னு பதிவானா, அந்தப் புள்ளைக்குக் கெட்ட பேருங்க. கமிட்டி வேற வருது."

"கமிட்டி முடிஞ்சப்புறம்?"

"அப்பவும் கெட்ட பேரு கெட்ட பேருதானுங்களே."

"உன் மிஷின் என்னாகும்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மகன் வீட்டுல ஒரு மூலையில குந்திக்கறனுங்க. எத்தனையோ பேரு குந்தியிருக்கறாங்க." அந்த வீட்டில் அவருக்கு மூலை எப்படிக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாளிலிருந்து அந்த மகன் ஒருமுறைகூட வரவில்லை.

நான் கத்தினேன். கெஞ்சவும் செய்தேன், அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பலிக்கவில்லை. என் கத்தல் என் காலில் மட்டும்தான் எடுபடும் போலிருக்கிறது.

வராந்தாவில் சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"சார், நீங்க எப்படித் திட்டுவீங்க?"

"மனசுல இருக்கறதைச் சொல்லுவேன்."

"என் மனசுல அவங்களைத் திட்ட ஒண்ணுமே இல்லையே."

"அப்ப பொய் சொல்லு" என்றேன்.

உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன். அவளைக் கண்டதும் சாந்தாமணியின் முகம் மலர்ந்தது, பக்கத்து மேஜையிலிருந்து பலகாரம் இருந்த தூக்குப்போசியை எடுத்தார். அவர் வாரம் தவறாமல் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சுகிர்தாவுக்காக ஒப்புட்டு, அதாவது போளி, செய்து வரவழைப்பது மருத்துவமனைக்கே தெரியும்.

"நெய் நெறைய ஊத்தச் சொன்னேன் கண்ணு. சாப்புடு."

"வேண்டாம்" என்றாள் சுகிர்தா. "ஒரு வேலையை ஒழுங்காச் செய்யத் தெரியாதவங்க கையால நான் வாங்கித் திங்கறதில்லை."

சாந்தாமணி போசியை நீட்டியபடியே இருந்தார்.

"எனக்குப் பேர் வாங்கித் தாங்கன்னு உங்களைக் கேட்டேனா? நீங்க யாரு எனக்கு? நான் அறுத்த காலைக் கெடுத்து வெச்சிருக்கீங்க. நாளைக்கு நீங்க நொண்டிக்கிட்டுப் போனா ஊரு யாரைக் காட்டும்? என்னைத்தான். எனக்கு வேற எதிரியே வேண்டாம், நீங்க ஒருத்தர் போதும். உங்க பாசத்தையும் இந்தப் போசியையும் எடுத்துட்டுக் கெளம்புங்க."

நல்ல திட்டு. முதல் தடவைக்கு மிக நல்ல திட்டு. எனக்கே தாங்கவில்லை. சாந்தாமணி போசியை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு சம்மதத் திரையை இழுத்துத் தன் பெருவிரலை வைத்து, அது வளைகிற அளவுக்கு அழுத்தினார்.

"இந்தாங்க டாக்டர். இப்பத் திருப்திங்களா?"

'கண்ணு' போய் 'டாக்டர்' வந்துவிட்டது. சுகிர்தா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, என்னைத் தாண்டி நேராகக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். லேசான தூக்கமும் கொடுத்தார்கள். வலது காலைத் தூக்கிப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால் சுகிர்தா தன் தொடையில் பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பைத்தியமா உனக்கு? ஊசி முதுகுலதான் தடுக்குது. கால் நரம்புல எல்லாம் ஓடும். மொத்தமும் உனக்குத்தான் வரும்."

"தெரியும் சார். எலும்பு முறியப் போனா வெளியில யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்றேன்."

வாதாட நேரம் இல்லை. அழுத்த ஆரம்பித்தேன். கால் நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. உடல் எடையைக் கொடுத்தேன். என் நெற்றி வியர்வை அவர் கால் மேல் சொட்டியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பிரியலாம், முறியவும் முறியலாம். கை நின்றுவிட்டது.

"நிறுத்தட்டுமா?"

"வேண்டாம்." சுகிர்தா சுவரில் சாய்ந்திருந்தாள், குரல் மட்டும் வந்தது. "எலும்பு இல்லை. முன்பக்கம் இழுக்குது. தழும்புதான். அழுத்துங்க."

அழுத்தினேன்.

"இப்ப?"

"தழும்புதான்."

"சுகிர்தா, உன்னால முடியலைன்னா—"

"அழுத்துங்க சார்!"

பழைய துணியைக் கிழிக்கிற சத்தம் ஒன்று கேட்டது. இன்னொன்று. பிறகு கால் என் கைக்குள் தானாக மடங்கி, குதிகால் தொடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. திரையில் பத்து. சுகிர்தா தரையில் உட்கார்ந்திருந்தாள், வலது காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு. சாந்தாமணி லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் நடந்ததை நடந்தபடியே சொன்னோம். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசியில ரெண்டுல எதுதான் நல்ல வழி?" என்றார்.

"தெரியாது" என்றேன். அந்த வார்த்தையை நான் ஒரு மேடையில் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு வழியையும் அழிக்காமல் வைத்திருப்பது, பட்டை யார் தொடையில் இருக்கிறது என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைப்பது என்று பேச்சு போயிற்று. ஓர் உறுப்பினர், "டாக்டருங்க எதுக்குக் கஷ்டப்படணும்? கூலிக்கு ஆள் வெச்சுக்கலாமே. வலி வாங்க ஆளா கெடைக்காது?" என்றார்.

"உங்க தொடையைக் காட்டுங்க சார், நானே கட்டிவிடறேன்" என்றாள் சுகிர்தா. கமிட்டி வேறு தேதிக்குத் தள்ளிப்போயிற்று. அது வரை பழைய விதியே தொடரும்.

அடுத்த வாரம் சாந்தாமணியின் இடது காலுக்கு என் முறை. அவர் முதலில் அடுத்த அறையில் வலது காலை முடித்துவிட்டு வந்தார். சுகிர்தா இப்போது கையைப் பிடிப்பதில்லை, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். சாந்தாமணி வலது காலைப் பழிவாங்குகிற மாதிரி மடக்குகிறார். தினமும் ஏழு, எட்டு. ஒண்ணாம் தேதி மிஷினுக்குப் போகலாம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தாயிற்று. சுகிர்தா அவரை நேசித்ததும் அவருக்காக வலியை வாங்கியதும் அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது என்று நர்ஸ்களிடம் சொல்லிவைத்திருந்தோம்.

இரண்டு காலையும் மடக்கி மேஜையில் ஏறி உட்கார்ந்தார். மடியில் தூக்குப்போசி.

"உங்குளுக்குத்தானுங்க" என்றார். "அன்னைக்கு என்ற காலை நீங்கதான் மடக்கி உட்டீங்கன்னு நர்ஸ் புள்ள சொல்லுச்சு. வேர்த்து ஊத்துச்சாமா உங்குளுக்கு. நான் உங்களைத் தப்பா நெனச்சுப் போட்டனுங்க."

முப்பது வருடத்தில் எனக்கு யாரும் போசி கொண்டுவந்ததில்லை. மூடியைத் திறந்தேன். நெய் வாசம் முகத்தில் அடித்தது. ஓர் ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டேன், கரைந்து போனது. இன்னொரு துண்டும் பிட்டேன்.

பட்டையைக் கட்டிக்கொண்டேன். "மடக்குங்கம்மா" என்றேன்.

சாந்தாமணி இடது காலை மடக்கினார். பாதி தூரம் வந்தது. என் முகத்தைப் பார்த்தார். கால் நின்றுவிட்டது.

"போதுமுங்க டாக்டர்" என்றார் அன்பாக. "பாவம், உங்குளுக்கு வலிக்கும்."

திரையில் இரண்டு.

எனக்கு வலிக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. இன்னும் ஒரே ஒரு நாள், இந்த ஒரு போசியைச் சாப்பிட்டு முடிக்கிற வரை. கட்டையாகிப் போன அந்த வலது கால் கண் முன்னால் வந்தது.

போசியை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

"இதுக்குப் பேரு ஒப்புட்டா? கோணித் துணியைச் சக்கரையில நனைச்சுக் கொடுத்த மாதிரி இருக்கு. சுகிர்தா இதை வாரா வாரம் எப்படித் தின்னாளோ, பாவம். எடுத்துக்கிட்டுப் போ. போறதுக்கு முன்னால காலை மடக்கு."

அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. போசியை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பல்லைக் கடித்தார். குதிகாலை இழுத்த இழுப்பில் மேஜை ஆடியது.

திரையில் எட்டு விழுந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னும்" என்றேன்.